கல்லுக்கும் குலம் கோத்திரம்

நாமகிரிப்பேட்டை என்றால் சங்கீத ரசிகர்களுக்கு நாதஸ்வரம் நினைவுக்கு வரும். வியாபாரிகளுக்கு மஞ்சள் நினைவுக்கு வரும். கிருஷ்ணன் அவர்களுடைய நாதஸ்வரத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை போதாது. மஞ்சளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம். இங்கே நான் சொல்லப் புகுந்திருப்பது கல்லின் கதை. ஆனால் அதற்குள் நுழைவதற்கு மஞ்சளைப் போல நல்ல வாசல் வேறு இல்லை.

எங்கள் ஊர் ஏலத்துக்கு வரும் மஞ்சளை விரலி, கிழங்கு, பனங்காளி என்று மூன்று ரகமாகப் பிரித்து வைத்து விலை பேசுவார்கள். விரல் போல் நீண்டது விரலி. உருண்டு திரண்டது கிழங்கு. ஒன்றுக்கு ஒரு விலை, மற்றதற்கு ஒரு விலை. வியாபாரத்துக்கு இந்தப் பிரிவினை போதும். ஆனால் மண்ணைக் கொத்திச் செடியைப் பிடுங்குகிற குடியானவனுக்கு வேறொரு சங்கதி தெரியும். நடுவே தாய்க் கிழங்கு. அதன் விலாவிலிருந்து கிளைத்தவை விரல்கள். தாயும் குழந்தைகளும்தான் இரண்டு சாக்குகளிலே ஏறி, இரண்டு விலைக்குப் போகிறார்கள். ஏலக்காரர் சொல்வதும் சரி; குடியானவன் சொல்வதும் சரி. ஒருவர் உருவத்தைப் பார்த்துப் பிரிக்கிறார். மற்றவர் உறவைப் பார்த்துச் சேர்க்கிறார்.

எந்த அடையாளத்தைக் கொண்டு பிரிப்பது, எந்த அடையாளத்தைக் கொண்டு சேர்ப்பது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி ஐரோப்பாவிலும் கல்கத்தாவிலும் பெரிய பெரிய பண்டிதர்கள் 200 வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது மஞ்சள் அல்ல; கல். கல்லாய்ச் சமைந்துபோன பிராணிகள். அவற்றிலே ஒரு பெரும் பகுதி நம் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்தவை என்பதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம். கல்லூரிப் படிப்பை இடையிலே முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன் நான். பூகர்ப்ப சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவன் அல்ல. ஆனால் மனிதர்களைத் தரம் பிரித்துத் தாளில் நிறுத்துவது என் தொழில். ஆகவே இந்தப் பண்டிதர்களின் தலைவலி எனக்கு ஓரளவு புரிகிறது.

முதலில் ஒரு பழைய பிராணியை அறிமுகம் செய்து வைக்கிறேன். அதற்கு டிரைலோபைட் என்று பெயர். மரவட்டைக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. கடலின் அடியில் ஊர்ந்து திரிந்தது. முதுகு ஓட்டின் நெடுக இரண்டு பள்ளங்கள் ஓடி உடம்பை மூன்று மடலாகப் பகுத்திருக்கும். அதனால்தான் 1771-ல் வால்க் என்ற ஜெர்மானியர் அந்தப் பெயரை வைத்தார். அதற்கு முன்பு 1698-ல் எட்வர்ட் லுயிட் என்பவர் வேல்ஸ் தேசத்தில் கிடைத்த ஒன்றைப் பார்த்து, ஏதோ தட்டை மீனின் எலும்புக்கூடு என்று எழுதி வைத்தார். அந்தக் காலத்துக்கு அது குற்றமில்லை. கல்லிலே தட்டையாக ஒன்று கிடந்தால், கண்ணுக்குத் தெரிந்த மீனைத்தானே மனம் நாடும்?

52 கோடி வருஷத்துக்கு முன் தோன்றி, 25 கோடி வருஷத்துக்கு முன் அடியோடு அழிந்துபோன இந்தப் பிராணிகளை எப்படி வகைப்படுத்துவது? 1822-ல் பிரான்ஸ் தேசத்து பிராங்னியார் ஐந்தே இனங்களாகப் பிரித்தார். பின்னால் நூற்றுக்கணக்கில் புதிய வடிவங்கள் கிடைத்தபோது அந்த ஐந்து அறைகளில் அவை அடங்கவில்லை. பொஹீமியாவிலே பாரண்டே என்ற என்ஜினீயர் ஒருவர் வாழ்நாள் முழுவதையும் இந்தக் கற்களுக்கே செலவிட்டார். அவர் செய்த ஒரு காரியம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. முன்னே ஒருவர் வெவ்வேறு இனங்கள் என்று தனித்தனிப் பெயர் சூட்டியிருந்த பல குட்டி உருவங்களை அவர் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அவை எல்லாம் வேறு வேறு பிராணி அல்ல, ஒரே பிராணியின் பிள்ளைப் பருவமும் வாலிபப் பருவமும்தான் என்று 1852-ல் நிரூபித்துவிட்டார். தொட்டிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் என்று ஒரே ஆளை மூன்று பேராக ஜனத்தொகைக் கணக்கில் ஏற்றியது போல ஆகியிருந்தது விஷயம்!

பிறகு 1897-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீச்சர் ஒரு புதிய அடையாளத்தைப் பிடித்தார். டிரைலோபைட்டின் தலை ஓட்டிலே ஒரு தையல் கோடு உண்டு. பாம்பு சட்டை உரிப்பது போல இந்தப் பிராணியும் ஓட்டை உரிக்கும். அப்போது ஓடு விட்டுக் கொடுக்கும் இடம் அந்தக் கோடு. அந்தக் கோடு கன்னத்தின் மூலைக்கு முன்னால் போய் முடிகிறதா, பின்னால் போய் முடிகிறதா, அல்லது மேலே தெரியாமல் விளிம்போடு மறைந்துவிடுகிறதா என்று பார்த்து மூன்று வகுப்பாக அவர் பிரித்தார். அழகான பிரிவினைதான். ஆனால் மூன்றாவது வகுப்பில் ஒரு சங்கடம். கோடு மேலே தெரியாதவை, பெரும்பாலும் கண் இல்லாதவை, எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. கண்ணை இழப்பது பல குடும்பங்களில் தனித்தனியே நடக்கக்கூடிய சமாசாரம் என்பது பின்னால் தெரிந்தது. பார்வை இல்லாதவர்கள் நாலு பேர் ஒரு சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அவர்கள் நால்வரும் அண்ணன் தம்பி என்று சொல்லலாமா? இல்லாத ஒன்றைக் கொண்டு உறவு சொல்லக் கூடாது என்ற பாடத்தை அந்த வகுப்பு கற்பித்துவிட்டுக் கலைந்து போயிற்று.

டிரைலோபைட்டுக்கும் நம் தேசத்துக்கும் சம்பந்தம் உண்டு. அக்கால இந்தியாவின் உப்பு மலைத்தொடரில், அதாவது இன்றைய பாகிஸ்தானில், கிடைத்த ஒரு வகையை 1899-ல் ரெட்லிக் என்ற ஆஸ்திரியர் வர்ணித்து ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஏற்கனவே வேறொரு பிராணிக்கு வைத்தாகிவிட்டது என்று தெரிந்ததும், 1902-ல் அவருடைய பெயரையே சூட்டி ரெட்லிச்சியா என்று மாற்றினார்கள். இன்று டிரைலோபைட்டுகளில் மிகப் பழைய வரிசை ஒன்றே அந்தப் பெயரால் வழங்குகிறது. இமயத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் டிரைலோபைட்டுகள் உண்டு. கௌப்பர் ரீட் என்பவர் அவற்றைப் பற்றி 1910-ல் நூல் எழுதினார்.

ஆனால் நாமகிரிப்பேட்டையில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஒரு பக்கம் போதமலை, ஒரு பக்கம் கொல்லிமலை என்று இத்தனை கல் இருந்தும் கிடைக்காது. காரணம் கல்லின் வயது. கொல்லிமலைப் பாறை ஏறக்குறைய 250 கோடி வருஷத்துப் பழசு. பூமியின் அடியாழத்தில் வெந்து, நசுங்கி, மறுபடி இறுகிய கல் அது. அந்தக் காலத்தில் ஓடு உள்ள பிராணி எதுவும் உலகத்தில் பிறக்கவில்லை. 1860-களில் வில்லியம் கிங், புரூஸ் ஃபுட் என்ற இரண்டு அதிகாரிகள் சேலம் ஜில்லாவின் மலைகளையும் சமவெளிகளையும் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தாரே, அதே புரூஸ் ஃபுட்தான். எங்கள் பக்கத்தில் இரும்பு உண்டு, சேலத்து வெள்ளைக்கல் உண்டு. ஆனால் உயிரின் சுவடு பதிந்த கல் கிடையாது.

நேராகக் கிழக்கே போங்கள். ஆத்தூரைத் தாண்டி, பெரம்பலூரைத் தாண்டி, அரியலூர்ச் சீமையில் இறங்கினால் பூமியின் நிறமே மாறிவிடும். ஓடைக்கரையில் சிப்பி கிடக்கும், நத்தை கிடக்கும், சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற கல் கிடக்கும். அங்கே ஏறத்தாழ 11 கோடி வருஷத்துக்கு முன் கடல் புகுந்தது. முன்னே வந்தும் பின்னே போயும் பல கோடி வருஷம் அங்கே விளையாடியது. ஆனால் அந்தக் கடல் வருவதற்கு வெகு காலம் முன்பே டிரைலோபைட்டுகளின் வம்சம் பூண்டற்றுப் போய்விட்டது. ஆக, அவற்றின் யுகம் முழுவதும் எங்கள் மலைக்கும் அரியலூர் ஓடைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விழுந்து காணாமல் போயிற்று. டிரைலோபைட்டுக்குப் பதிலாக அரியலூர்க் கடல் நமக்கு வைத்துவிட்டுப் போனது அம்மோனைட்.

அம்மோனைட்டைத் தெரியாத தமிழர் இல்லை; பெயர்தான் தெரியாது. சாளக்கிராமம் என்றால் உடனே புரியும். நேபாளத்து கண்டகி நதி உருட்டிக்கொண்டு வரும் கறுப்புக் கல்லுக்குள்ளே சக்கரம் சக்கரமாகத் தெரிகிறதே, அது இமயம் எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் ஓட்டுச் சுவடு. கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணி, சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தது.

நாமக்கல் மலையே ஆஞ்சநேயர் கண்டகியிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமம் என்பது எங்கள் பக்கத்து ஐதிகம். வழியில் நீராடுவதற்காக அதைக் கீழே வைத்தார். அது மறுபடி கிளம்பவில்லை, நரசிம்மம் எழுந்தருளிய மலையாகிவிட்டது. பூகர்ப்ப சாஸ்திரி அந்த மலையைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறு சொல்வார். அவர் சுத்தியலால் பார்க்கிறார். பக்தன் கைகூப்பிப் பார்க்கிறான். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. நான் கவனித்தது வேறு. சாளக்கிராமத்தைத் தரம் பிரிக்கும் லட்சணங்களைப் புராணங்கள் சொல்லுகின்றன. சக்கரம் எத்தனை, வாய் எப்படித் திறந்திருக்கிறது, நிறம் என்ன, ரேகை எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இன்ன மூர்த்தி என்று முடிவு செய்வார்கள். ஒரே சக்கரம் என்றால் சுதர்சனம். ஐரோப்பியர் அம்மோனைட்டைக் கையில் எடுத்து வகை பிரிக்கப் புகுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, அங்க லட்சணத்தைக் கொண்டு அதைப் பிரித்தவர்கள் நம்மவர்கள். பிரித்த நோக்கம் வேறு: எந்த மூர்த்தியாக வழிபடுவது என்பது அவர்கள் கேள்வி, எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்பது பின்னே வந்தவர்கள் கேள்வி.

அந்தப் பின்னே வந்தவர்களின் கதை 1840-களில் தொடங்குகிறது. கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். உத்தியோகம் போக மிச்ச நேரத்தில் புதுச்சேரிப் பக்கத்திலும், விருத்தாசலத்திலும், திருச்சி ஜில்லாவிலும் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய மூட்டை லண்டனுக்குப் போயிற்று. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற நிபுணர் அதைப் பிரித்துப் பார்த்து 1846-ல் அறிக்கை வெளியிட்டார். இவை கிரிட்டேஷியஸ் என்னும் சுண்ணாம்புக் கல் யுகத்தைச் சேர்ந்தவை என்று அவர் கண்டது சரி. ஆனால் மூன்று இடங்களில் புதுச்சேரிக் கல்தான் மூத்தது என்று சொன்னார். அதுதான் இளையது என்று பின்னால் ஏற்பட்டது. பெயர் வைப்பதில் தவறினால் வயது சொல்வதிலும் தவறு நேரும். வயது தவறினால் கடல் வந்த கதையே தலைகீழாகிவிடும். உறவு முறையை இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டிய அவசியம் அதனால்தான். ஒரு பாறை எத்தனை வயது என்று சொல்ல, அந்தக் காலத்துப் பண்டிதர்களுக்கு அதிலே கிடந்த பிராணிகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அந்த மூட்டையிலே ஒரு விசித்திரமான பொருள் இருந்தது. பாகுலைட்டீஸ் என்று பெயர். பார்த்தால் சுருளே இல்லை. ஒரு கத்தி உறையைப் போல நேராக நீண்டிருக்கும். இதைச் சுருண்ட ஆட்டுக்கொம்புகளோடு சேர்க்கலாமா? வெளித்தோற்றத்தைக் கேட்டால் கூடாது என்று சொல்லும். ஆனால் பண்டிதர்கள் சேர்த்தார்கள். எப்படி என்றால், அவர்கள் உள்ளே பார்த்தார்கள்.

அம்மோனைட் வளர வளரத் தன் ஓட்டை நீட்டிக்கொண்டே போகும். முன்னால் கட்டிய புது அறையில் தான் குடியேறி, பின்னால் விட்ட இடத்தை ஒரு தடுப்புச் சுவரால் அடைத்துவிடும். இப்படி அறை அறையாக ஒரு நீண்ட வீடு. அறைகளை ஊடுருவி ஒரு மெல்லிய குழல் போகும். அந்தத் தடுப்புச் சுவரின் விளிம்பு வெளி ஓட்டை உள்ளே தொடுகிற இடத்தில் ஒரு கோடு விழுமல்லவா? மேல் ஓடு உரிந்துபோன கல்லில் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். அதற்கும் தையல் கோடு என்றே பெயர். பழைய வகைகளில் அது வெறும் அலை போல நெளியும். அரியலூர் அம்மோனைட்டுகளிலோ, பெரணித் தழை போலக் கிளைத்து, கிளைக்குள் கிளையாய், மார்கழிக் கோலம் தோற்றுப்போகும்படி விரியும். வெளிச் சுருள் நிமிரலாம், முதுகு வரம்பு மழுங்கலாம், விலாக் கோடுகள் கூடலாம் குறையலாம். அவை எல்லாம் வாழ்ந்த இடத்துக்கும் வாழ்ந்த விதத்துக்கும் தக்கபடி மாறும். தையல் கோட்டின் அடிப்படை அமைப்பு அவ்வளவு சுலபமாக மாறாது. இதை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஜெர்மனியின் லியோபோல்ட் ஃபான் புக் கண்டு சொன்னார். பாகுலைட்டீஸ் எவ்வளவுதான் நிமிர்ந்து நின்றாலும், அதன் விலாவில் ஓடிய கோலம் அதன் குலத்தைச் சொல்லிவிட்டது.

கதை எழுதுகிறவனுக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. பாத்திரத்தை அறிமுகப்படுத்தும்போது கிளி மூக்கு, குடுமி, கடுக்கன் என்று வெளி அடையாளம் சொல்லுகிறோம். வாசகர்களும் அதை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த ஆள் யார் என்று தெரிவது அவன் அறைகளுக்குள் தடுப்புச் சுவரை எங்கே எழுப்புகிறான் என்று பார்க்கும்போதுதான்.

1851-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஏற்பட்டது. அதன் அதிகாரி ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரையில் தென்னார்க்காடு, திருச்சி ஜில்லாக்களின் சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்ந்து வரைபடம் தயாரித்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சி, மேலே அரியலூர் என்று மூன்று அடுக்காக அவர் பகுத்தார். தேர்ந்த பகுப்பு, இன்றைக்கும் சில மாறுதல்களோடு அது வழங்குகிறது. ரத்தினேசுவரர் கோயில் கொண்ட ஊட்டத்தூரின் பெயர் இப்படித்தான் உலகத்தின் பூகர்ப்பப் புத்தகங்களில் ஏறியது. கண்டகிச் சாளக்கிராமங்களிலும் பிளான்ஃபோர்டு என்ற பெயரைத் தாங்கிய பிளான்ஃபோர்டிசெராஸ் என்ற வகை கிடைக்கிறது என்பது ஒரு சுவையான செய்தி.

பிளான்ஃபோர்டு நாட்டிலஸ் முதலிய சிலவற்றை மட்டும் வர்ணித்து நிறுத்தினார். மிச்சம் இருந்தது ஒரு மலை. அந்த மலையைப் புரட்ட 1862-ல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார் ஒரு 24 வயது வாலிபர்: ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838-ல் மொராவியாவில் பிறந்தவர். வியன்னாவில் எட்வர்ட் சூஸ் என்ற மகா பண்டிதரிடம் பாடம் கேட்டவர். வந்தவர் அசுர வேலை செய்தார். முதலில் அம்மோனைட்டுகள், பிறகு நத்தைகள், பிறகு இரட்டைச் சிப்பிகள், பிறகு கடல் முள்ளெலிகள், பவழங்கள். 1873-க்குள் தென்னிந்தியச் சுண்ணாம்பு யுகப் பிராணிகளைப் பற்றி நான்கு பெரிய தொகுதிகள் முடிந்துவிட்டன. ஒவ்வொரு கல்லுக்கும் படம். ஒவ்வொன்றுக்கும் சுருள் எத்தனை, விலா எத்தனை, முதுகு கூர்மையா மழுக்கலா, தையல் கோட்டில் மேடு எத்தனை, பள்ளம் எத்தனை என்ற கணக்கு. இதற்கு நடுவில் இமயத்துக்குப் போய் ஸ்பிதியையும் ஆராய்ந்தார்; பறவைகளைப் பற்றியும் எழுதினார். மனிதர் எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஸ்டோலிச்கா கல்கத்தாவில் எழுதிக்கொண்டிருந்தபோது எல்லாச் சுருள் வகைகளுக்கும் அம்மோனைட்டீஸ் என்று ஒரே இனப் பெயர்தான். இன்ன அம்மோனைட்டீஸ், இன்ன அம்மோனைட்டீஸ் என்று அடைமொழி மட்டும் மாறும். அதே சமயத்தில், 1865-ல், அவருடைய குருவான சூஸ் வியன்னாவில் அந்த ஒரே இனத்தை உடைக்கத் தொடங்கினார். தையல் கோடு எப்படி, பிராணி குடியிருந்த கடைசி அறை எவ்வளவு நீளம், வாயின் விளிம்பு எப்படி என்று பல அங்கங்களையும் சேர்த்துப் பார்த்துத் தனித்தனி இனங்களை வகுத்தார். சிஷ்யன் ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தின் பேரேட்டை எழுதிக்கொண்டிருக்க, குரு அங்கே பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதினார். கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்த வாகன் என்பவர் 1870-களில் கட்ச் பிரதேசத்து அம்மோனைட்டுகளைப் புது முறையில் பிரித்தார். பிறகு 1895 முதல் 1898 வரையில் வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் நம் அரியலூர் அம்மோனைட்டுகளை எல்லாம் மறுபடி பரிசீலித்து, ஒவ்வொன்றையும் அதனதன் குடும்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். புதுச்சேரிக் கல் மூத்தது அல்ல, இளையது என்பதும் அப்போது உறுதிப்பட்டது.

இப்படிப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 1875-ல் நாய்மயர் என்ற பண்டிதர் ஓர் இனத்துக்கு ஸ்டோலிச்கையா என்று பெயர் வைத்தார். 1956-ல் ரைட் என்ற ஆங்கிலேயர், ஸ்டோலிச்கா வர்ணித்த ஒரு வகையை எடுத்துத் தனி இனமாக்கி, உட்டாட்டூரிசெராஸ் என்று பெயரிட்டார். நம் ஊட்டத்தூர்தான், கொஞ்சம் லத்தீன் வேஷம் போட்டிருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த சமயத்தில் ஒரு புதிய குண்டு விழுந்தது. 1962-ல் போலந்தின் மகோவ்ஸ்கியும், 1963-ல் லண்டனில் ரசாயனம் கற்பித்துவந்த காலமன் என்பவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஒரே பாறை அடுக்கிலே பெரிய அம்மோனைட் ஒன்று கிடைக்கிறது. சிறியது ஒன்று கிடைக்கிறது. பெரியதன் வாய் எளிமையாக இருக்கிறது. சிறியதன் வாய் ஓரத்தில் காது மடல் போல இரண்டு நீட்சிகள். இரண்டுக்கும் வேறு வேறு இனப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டின் உட்சுருளையும் ஒப்பிட்டால், குழந்தைப் பருவத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. வயது வந்த பிறகுதான் வழி பிரிகிறது. அப்படியானால் அவை இரண்டு இனம் அல்ல. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்! புருஷனையும் பெண்சாதியையும் இரண்டு குடும்பமாகப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள் பண்டிதர்கள். தாய்க் கிழங்கையும் விரலியையும் இரண்டு சாக்கில் போடுகிற காரியந்தான்; ஏலக்காரருக்காவது விலை என்ற நியாயம் உண்டு.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிலர் சிரிக்கலாம். 'தட்டை மீன் என்றார்கள், இல்லை என்றார்கள். ஒரே இனம் என்றார்கள். பல இனம் என்றார்கள். பிறகு இரண்டு இனம் ஒன்று என்கிறார்கள். இதில் எதை நம்புவது?' நான் அப்படி நினைக்கவில்லை. ஃபோர்ப்ஸைத் திருத்த முடிந்தது. ஸ்டோலிச்கா எழுதியதை கோஸ்மாட் திருத்த முடிந்தது. அனைவரையும் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது. காரணம் ஒன்றே: கல் பத்திரமாக இருந்தது. எழுத்து தவறினாலும் எழுதப்பட்ட பொருள் தவறாமல் இருந்தால், நூறு வருஷம் கழித்தும் ஒருவன் அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வேறு தீர்ப்புச் சொல்லலாம்.

பொருள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அரியலூர்ச் சீமையே சாட்சி. அங்கே கல்லமேடு என்ற கிராமத்தில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அவற்றை வர்ணித்து, பிருஹத்காயோசாரஸ் என்று சமஸ்கிருதம் கலந்து பெயர் வைத்தார்கள். முதலில் மாமிசம் தின்னும் இனம் என்று எண்ணப்பட்டது. பிறகு தழை தின்னும் நீண்ட கழுத்து இனம் என்றார்கள். உலகத்தின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்றும் பேச்சு. ஆனால் எலும்புகள் பொடிந்து போய்விட்டன. சில படங்களும் அளவுகளுந்தான் மிச்சம். இனி எந்த மேதை பிறந்தாலும் அந்த வழக்கை அசல் தஸ்தாவேஜைப் பார்த்துத் தீர்க்க முடியாது.

ஸ்டோலிச்காவின் முடிவு இளமையிலேயே வந்தது. 1873-ல் யார்க்கண்டுக்குச் சென்ற ஃபோர்சித் தூதுக் குழுவோடு அவர் புறப்பட்டார். திரும்பி வரும் வழியில் காராகோரம் கணவாயைத் தாண்டிய பிறகு, மலை நோய் கண்டு, 1874 ஜூன் 19-ல் லடாக்கின் முர்கோ என்ற இடத்தில் இறந்தார். 36 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. லே நகரில் அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அரியலூரிலோ ஊட்டத்தூரிலோ அவர் பெயரைச் சொன்னால் தெரிந்துகொள்கிறவர் அபூர்வம்.

அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லுக்கு இன்று வேறொரு மரியாதை உண்டு. அது சிமெண்ட் ஆகிறது. 1939-ல் கல்லக்குடியில் டால்மியா ஆலை ஏற்பட்டது. பிறகு அரியலூரைச் சுற்றி ஆலைகள் பெருகின. கல்லக்குடி ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயர் வைத்ததை எதிர்த்து 1953-ல் நடந்த போராட்டத்தைத் தமிழ்நாடு அறியும். நிலையத்தின் பெயர் மாறிவிட்டது. ஆனால் பூகர்ப்பப் புத்தகங்களில் அந்தச் சுண்ணாம்புப் படிவத்துக்கு இன்னமும் டால்மியாபுரம் என்றே பெயர். பெயர் வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் குடியிருக்கும் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் பூசப்பட்டிருக்கக்கூடும். வாரணவாசியில் தொல்லுயிர்க் காட்சியகம் ஒன்று வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சுரங்கத்தில் இயந்திரம் ஒரு அள்ளு அள்ளும்போது, அதிலே ஸ்டோலிச்கா பார்த்த வகை எத்தனை, எவரும் பாராத வகை எத்தனை என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கல் தெரிந்த ஒரு ஆளை நிறுத்தி, கண்ணில் படுவதை எடுத்து, எந்த அடுக்கில் கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதி, பக்கத்துப் பள்ளிக்கூடத்து அலமாரியிலாவது வைத்தால் போதும். பெயர் வைக்க அவசரமில்லை. அதற்கு உரியவன் இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம். அவன் வரும்போது கல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.